ரோடாவை அனுப்பிய அத்தை

வடகோடியில் இருக்கும் எங்கள் ஓகாவ் ஏரி ஊருக்கு எக்ஸ்ரே விமானம் வருகிறது என்றால் பாதி ஊர் காட்டுக்குள் போய்விடும். கூடாரம், மாவு மூட்டை, தேயிலை, குழந்தைகள் எல்லாவற்றையும் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு, வலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நெஞ்சைப் படம் பிடித்து அதில் காசநோய்க் கறை தெரிந்தால், அதே விமானத்தில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். போனவர்களில் சிலர் வருஷக்கணக்கில் படுத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. அவர்களை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது.

யார் யார் அந்த விமானத்தில் ஏற வேண்டும் என்று சொல்லுகிற வேலைக்கு எங்களில் ஒருத்தியே வந்து சேர்ந்தாள். அவள் பெயர் ஜெமைமா ஊஸ்கன்.

நான் அப்போது எங்கள் ஊர் நர்ஸ் வீட்டில் சமையலும் மொழிபெயர்ப்பும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் வந்த நர்ஸ்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். வயிற்று வலி என்று ஒருவர் வந்தால் எங்கள் கிரீ மொழியில் கேட்டு நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜெமைமா வந்ததும் அந்த வேலை போய்விட்டது. அடுப்பு மட்டும் மிஞ்சியது. அதில் எனக்கு வருத்தமில்லை. அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள்.

ஜெமைமாவும் ஒரு காலத்தில் விமானத்தில் ஏற்றப்பட்டவள்தான். அப்போது பதினாறு வயது. கூடவே அவள் அம்மாவையும் கொண்டுபோனார்கள். இருவரையும் ஒரே காசநோய் ஆஸ்பத்திரியில் வேறு வேறு மாடியில் படுக்க வைத்தார்கள். அம்மா செத்த செய்தி, அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் மகளுக்குத் தெரிந்தது. சொல்ல மறந்துவிட்டோம் என்றார்களாம். இதை ஜெமைமா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள், பாத்திரம் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வார்டில் கிரீ மட்டுமே தெரிந்த பெண்கள் பலர் இருந்தார்கள். டாக்டர் சொல்வதைப் படுக்கையில் கிடந்தபடியே இவள் மொழிபெயர்த்துச் சொல்வாள். மறுநாள் தன் விலா எலும்பை வெட்டப்போகிறார்கள் என்பதை ஒருத்தி இவள் வாயிலிருந்துதான் கேட்டாள். ராத்திரியெல்லாம் இவள் கையை விடவில்லையாம். நர்ஸாக வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. உடம்பு தேறியதும் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். இந்தியப் பெண்கள் வார்டு கூட்டலாம், நர்ஸாக முடியாது என்று ஒரு ஆஸ்பத்திரி பதில் போட்டது; எங்கள் மாதிரிப் பூர்வகுடிகளை அவர்கள் இந்தியர் என்றுதான் சொல்வார்கள். வேறொன்று எடுத்துக்கொண்டது. அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள் இவள் கை தன்மேல் படக்கூடாது என்று சத்தம் போட்டபோது, வெளியே போ என்று சொல்லியும் போகாமல் வெந்நீர்ப் பாத்திரத்தோடு கட்டிலருகே நின்றாளாம், தண்ணீர் ஆறும்வரை. பிறகு போய் வேறு வெந்நீர் கொண்டுவந்தாள். சாயங்காலம் அந்த அம்மாளே முதுகைத் திருப்பிக் காட்டினாள். "பாவம், களைச்சுப் போயிருப்பா" என்று சொல்லிச் சிரிப்பாள் ஜெமைமா.

அவள் ஊருக்கு நர்ஸாக வந்து இறங்கிய அன்று, அவள் அண்ணன் சின்க்ளேர் வேட்டையாடிய வாத்துகளோடு துறையில் நின்றான். பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் தங்கச்சி" என்றான். அடுத்த கோடையில் எக்ஸ்ரே விமானம் வருகிறது என்று தெரிந்ததும் வீடு வீடாகப் போய், யாரும் ஓட வேண்டாம், இந்தத் தடவை ஜெமைமா இருக்கிறாள் என்று சொன்னவனும் அவன்தான். ஊர் அவன் பேச்சைக் கேட்டது. ஒரு ஓடம்கூட நகரவில்லை. எல்லோரும் வரிசையில் நின்று நெஞ்சைக் காட்டினார்கள்.

கறை தெரிந்தவர்களில் சின்க்ளேரின் மகள் ரோடாவும் ஒருத்தி. நாலு வயதுக் குழந்தை.

சாயங்காலம் சின்க்ளேர் நர்ஸ் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்துக்கு வந்தான். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நான் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"படம் சரியா விழலன்னு சொல்லிடு" என்றான்.

"விமானத்துல வந்த டாக்டரும் பாத்துட்டாரு அண்ணா."

"நீ சொன்னா கேப்பாரு. இங்கயே வெச்சுப் பாரு. நீதான் நர்ஸாச்சே."

"இதுக்கு இங்க மருந்து இல்ல. வீட்ல இன்னும் பிள்ளைங்க இருக்கு. அதுங்களுக்கும் ஒட்டிக்கும்."

"அம்மாவ அனுப்புனமே. என்ன ஆச்சு?"

ஜெமைமா சரிந்திருந்த ஒரு விறகை எடுத்து அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு அவள், "காலைல துறைக்குக் கூட்டிட்டு வந்திரு" என்றாள்.

காலையில் ரோடா அழவில்லை. அத்தை கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே வந்தாள். அத்தையும் கூட வருகிறாள் என்று நினைத்திருந்தாள். ஜெமைமா குழந்தையைத் தூக்கி இருக்கையில் உட்காரவைத்து, போர்வையைச் சுற்றிவிட்டு இறங்கினாள். கதவு மூடியது. அதற்குப் பிறகு கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகம் எப்படி மாறியது என்பதை ரோடாவின் அம்மா ஐடா பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அன்றிலிருந்து சின்க்ளேர் தங்கையின் பெயரைச் சொல்வதில்லை. "அந்த நர்ஸ்" என்பான். ஊரும் பழையபடி ஒதுங்கிக்கொண்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றிப்போன பிறகுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஜெமைமா ரேடியோவில் மாதம் தவறாமல் ரோடாவைப் பற்றிக் கேட்பாள். நன்றாக இருக்கிறாள் என்று பதில் வரும். எப்போது கேட்டாலும் அதே பதில். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு வருஷம் போயிற்று. இலையெல்லாம் கொட்டி முடிந்து ஏரி உறையத் தொடங்கிய சமயம். அந்த வாரங்களில் எங்களுக்கு உலகத்தோடு தொடர்பே கிடையாது. மிதவை விமானம் இறங்கத் தண்ணீர் இருக்காது, சறுக்குக்கட்டை விமானம் இறங்கப் பனி தாங்காது. ஐடா அப்போது நிறைமாதம். நர்ஸிடம் காட்டவே மாட்டேன் என்று, புருஷனோடு அக்கரையில் நீர்நாய் முனைக்குப் பொறி வைக்கிற குடிலுக்குப் போய்விட்டாள். கூட அவள் அக்கா டோர்கஸ் இருந்தாள். ஊரில் பாதிப் பிள்ளைகளைப் பெறவைத்த கை டோர்கஸுடையது.

ஒரு நாள் காலை டோர்கஸின் புருஷன் ஹோரஸ், ஓடத்தைத் தள்ளிக்கொண்டு ஏரியைக் கடந்து, முழங்கால்வரை ஈரமாக நர்ஸ் வீட்டுக்கு வந்து நின்றான். குழந்தை விடியும்போதே பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை, நன்றாக இருக்கிறது; ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. டோர்கஸ் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, போய் ஜெமைமாவைக் கூட்டி வா என்று அனுப்பியிருக்கிறாள். "சின்க்ளேருக்குத் தெரியாது" என்றான் ஹோரஸ்.

ஜெமைமா ரேடியோவில் டாக்டரைப் பிடித்தாள். இரைச்சலுக்கு நடுவே அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நர்ஸ் நிலையத்தை விட்டுப் போகக் கூடாது, பனி கெட்டியானதும் விமானம் அனுப்புகிறேன், கையை உள்ளே விட்டு எடுப்பதெல்லாம் நர்ஸ் செய்கிற காரியமில்லை. ஜெமைமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ரேடியோவை அணைத்துவிட்டுப் பையில் ஊசி மருந்துகளையும் கையுறைகளையும் எடுத்து வைத்தாள். "யூனிஸ், ஓடத்துக்கு மூணு பேர் வேணும்" என்றாள் என்னிடம்.

ஏரி உறையும்போது கடக்க ஒரு வழிதான் உண்டு. ஓடத்தைப் பனிமேல் வைத்து, ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். பனி உடைந்தால் ஓடத்துக்குள் விழ வேண்டும். கோடாரியால் முன்னால் உடைத்துக்கொண்டு துடுப்புப் போட்டு, கெட்டியான இடம் வந்ததும் மறுபடி மேலே ஏற வேண்டும். கரையோரம் பனி வெள்ளையாக இருந்தது. நடுவில் கறுப்பு. காலுக்குக் கீழே அது கண்ணாடிபோல முனகியது.

ஹோரஸ் எனக்கு மச்சான் முறை. செத்தாலும் கேலியை விடமாட்டான். "மச்சினி, நீ பின்னால வா. நீ முன்னால போனா எங்களுக்குப் பனி மிஞ்சாது" என்றான்.

"உன் வாய்ச் சூட்டுல அது ஏற்கெனவே உருகிப்போச்சு மச்சான். பேசாம தள்ளு" என்றேன்.

ஜெமைமா சிரிக்கவில்லை. அக்கரையில் தெரிந்த புகையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கறுப்புப் பனியில் பாதி தூரம் வந்தபோது அவள் பக்கம் உடைந்தது. சத்தமே இல்லை. ஒரு நொடி முன்னால் எனக்கு எதிரே இருந்தவள், மறு நொடி மார்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் விளிம்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஓடம் அவள் பக்கமாகச் சாய்ந்தது. நான் என் பக்கத்து விளிம்பில் மொத்த பாரத்தையும் போட்டுக் கவிழாமல் அழுத்தினேன். ஹோரஸ் குப்புறப் படுத்து அவள் இடுப்புவாரைப் பிடித்து இழுத்தான். மேலே வந்து விழுந்ததும் அவள் முதலில் பார்த்தது பை நனைந்ததா என்று.

கரை ஏறியதும், தீ மூட்டிக் காய்ந்துவிட்டுப் போகலாம் என்றான் ஹோரஸ். அவள் உடுப்பெல்லாம் அதற்குள் பலகைபோல விறைத்துவிட்டது. "அண்ணிக்கு அவ்ளோ நேரம் இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினாள். ஓடும்போது அவள் கால்சட்டை மரக்கட்டை மாதிரி ஒன்றோடொன்று தட்டிக்கொண்டது.

குடில் வாசலில் சின்க்ளேர் நின்றான்.

"உன்ன யாரு கூப்பிட்டா?"

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் டோர்கஸ், உள்ளேயிருந்து.

அவன் நகரவில்லை. கதவுச் சட்டத்தில் கையை வைத்து மறித்தபடி நின்றான். உள்ளேயிருந்து ரத்த வாடை வந்தது.

"என்னோட பேச வேண்டாம்ணா. வழிய மட்டும் விடு" என்றாள் ஜெமைமா.

அவன் கண் அவள் முகத்திலிருந்து இறங்கி, பனி படிந்த உடுப்புக்கும், நீலம் பூத்த விரல்களுக்கும் போயிற்று. கையை எடுத்தான். எங்களைத் தாண்டி வெளியே போனான்.

ஐடா தரையில் பரப்பிய ஊசியிலைக் கிளைகளின்மேல் மெழுகுபோல வெளுத்துக் கிடந்தாள். அவளுக்கடியில் விரித்திருந்த துணியெல்லாம் நனைந்திருந்தது. டோர்கஸ் அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். கையை எடுத்தால் ரத்தம் வந்தது. ஜெமைமா நாடி பிடித்தபோதே அவள் முகம் மாறியதைக் கண்டேன். செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆனால் அவள் விரல்களுக்கு உணர்ச்சியே இல்லை. அந்தக் கையை உள்ளே விட்டால் எதைத் தொடுகிறோம் என்று தெரியாமல் கிழித்துவிடுவாள். நான் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்ற, விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, உயிர் வரும்வரை நின்றாள். அவள் பல்லைக் கடித்திருந்ததைப் பார்த்தால் எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிந்தது. வெளியே சின்க்ளேர் விறகு பிளக்கிற சத்தம். ஒருமுறைகூட நிற்காத சத்தம்.

பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கையுறை மாட்டிக்கொண்டு ஐடாவின் காதருகே குனிந்தாள். என்ன செய்யப்போகிறேன், எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "நீங்க சரின்னாதான் செய்வேன் அண்ணி."

ஐடா கண்ணைத் திறந்தாள். "ரோடா உசுரோட இருக்காளா? உண்மையச் சொல்லு."

நான் ஜெமைமாவைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். சாகக் கிடக்கிறவளுக்கு அந்த ஒரு பொய்யால் என்ன நஷ்டம்?

"தெரியல அண்ணி" என்றாள் ஜெமைமா. "இருக்கான்னுதான் சொல்றாங்க. நான் கண்ணால பாக்கல."

ஐடா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "அப்ப நான் சாகக் கூடாது. செய்" என்றாள்.

டோர்கஸ் மேலேயிருந்து கருப்பையை அழுத்திப் பிடித்தாள். ஜெமைமாவின் கை உள்ளே போயிற்று. இருவரும் நடுநடுவே ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசினார்கள்: இன்னும் கீழே அழுத்து, இந்தப் பக்கம், பொறு. ஐடா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் விரல் பதிந்த தடம் பல நாள் இருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஜெமைமா கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தேடித் தேடிப் பிரித்தாள். கடைசியில் அது முழுசாக வெளியே வந்தது. உடனே ஊசி போட்டாள். டோர்கஸ் வயிற்றைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். ரத்தம் வந்தது. பிறகு குறைந்தது. பிறகு மறுபடி வந்தது. "கல்லு மாதிரி இறுகுது" என்றாள் டோர்கஸ், சற்றுப் பொறுத்து. ஜெமைமா தன் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

அவள் வெளியே வந்தபோது சின்க்ளேர் கோடாரியோடு அப்படியே நின்றான். "இருக்காங்க" என்றாள். விறகுக் குவியலின்மேல் உட்கார்ந்து நடுங்கத் தொடங்கினாள். அவன் உள்ளே போய்த் தன் காய்ந்த கம்பளி உடுப்பை எடுத்துவந்து அவள் மடியில் போட்டான்.

பனி கெட்டியாகும்வரை அங்கேயே இருந்தோம். காய்ச்சல் வந்துவிடக்கூடாதே என்று ஜெமைமா ஐடாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வந்தது, பெனிசிலினுக்கு அடங்கியது. விமானம் இறங்கியபோது டாக்டரோடு மேற்பார்வை நர்ஸ் மிஸ் பிரென்டிஸும் வந்தாள். டாக்டர் ஐடாவைச் சோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். மிஸ் பிரென்டிஸ்தான், நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போனதற்கும், சொன்ன சொல்லை மீறியதற்கும் வேலையே போகலாம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஜெமைமா கேட்டு முடித்துவிட்டு, தெற்கே போய் ஒரு குழந்தையைப் பார்க்க லீவு வேண்டும் என்றாள். உனக்குப் பதிலாக இங்கே யார் இருப்பார்கள் என்றாள் மிஸ் பிரென்டிஸ்.

"நீங்க இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு ஜெமைமா விமானத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாளுக்கு விமானம் திரும்பி வரும்வரை மீன் பொரித்துப் போட்டவள் நான். முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டாள்.

ரோடாவை அனுப்பிய ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு குழந்தை இல்லை என்றார்கள். ஜெமைமா அதோடு விட்டுவிடவில்லை. வார்டு வார்டாக நடந்தாள். வார்டைக் கூட்டுகிற ஒரு பெண்தான், படுக்கை போதாமல் போன குளிர்காலத்தில் குழந்தைகளை ரயிலில் வேறு ஊருக்கு அனுப்பினார்கள் என்றாள். அங்கே போனாள். குழந்தைகள் வார்டில் தலைமுடி ஒட்ட வெட்டிய ஒரு சிறுமியை ரோசி என்று கூப்பிட்டார்கள். அவள் மணிக்கட்டில் தேநீர்க் கெட்டில் பட்ட சூட்டுத் தழும்பு இருந்தது. ஊரில் அதற்கு மருந்து போட்டவளே ஜெமைமாதான்.

கிரீ மொழியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை விழித்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வெள்ளைக்காரர் மொழியில், நான் உன் அத்தை என்று சொன்னாள். குழந்தை அவளை உற்றுப் பார்த்தது.

"நீ என்னைய உள்ள ஏத்திட்டு இறங்கிப் போயிட்ட" என்றது.

ஊருக்குத் திரும்பி வந்த ஜெமைமா நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். ரோடா உயிரோடிருக்கிறாள், இன்னும் முழுசாகக் குணமாகவில்லை, கோடைக்குத்தான் வருவாள், எங்கள் மொழியை மறந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், குழந்தை தன்னிடம் சொன்னதையும் சேர்த்து. சின்க்ளேர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். ஐடா அவளுக்குத் தேநீர் ஊற்றினாள்.

கோடையில் ரோடா வந்து இறங்கியபோது அம்மாவிடம் போகவில்லை. தெரிந்த முகம் ஒன்றுதான். ஜெமைமாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைக்குழந்தையோடு நின்ற ஐடாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதன்பின் ஜெமைமா சாயங்காலமானால் அவர்கள் வீட்டுக்குப் போய் அம்மா பேச்சை மகளுக்கும் மகள் பேச்சை அம்மாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நிறுத்திவிட்டாள். "நான் வந்தா அவ உங்ககிட்ட பேசவே மாட்டா அண்ணி" என்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டிலிருந்து அழுகையும் கத்தலும் கேட்டது. வசந்தத்தில், நீர்நாய்த் தோல் உரிக்கும்போது ரோடா அம்மாவிடம் கத்தி கேட்டாள், கிரீயில், தப்பும் தவறுமாக. ஐடா ஓடி வந்து எங்களிடம் சொன்னாள்.

அடுத்த முறை எக்ஸ்ரே விமானம் வந்தபோது ஊர் காட்டுக்குள் ஓடவில்லை. துறையிலே வந்து நின்றது. ஆனால் யாரும் ஏறவில்லை. போகிறவர்கள் எந்த ஊரில், எந்த வார்டில் இருக்கிறார்கள் என்று வீட்டாருக்குச் சொல்ல வேண்டும், இடம் மாற்றினால் கேட்டுத்தான் மாற்ற வேண்டும், செத்தால் உடம்பு ஊருக்கு வர வேண்டும் என்று ஊர்த் தலைவர் சொன்னார். பேசியது தலைவர், பக்கத்தில் நின்றது சின்க்ளேர். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஜெமைமா அதிகாரிகள் பக்கம்தான் நிற்க வேண்டும். அவள் நடந்து போய் ஊர்க்காரர்களோடு நின்றாள். விமானம் காலியாகப் போனது. இருமுகிறவர்கள் இங்கேயே இருந்தார்கள். இதனால் யாராவது செத்தால் என்று அவள் அந்த மாதம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. பனி விழுவதற்குள் விமானம் திரும்பி வந்தது, கேட்டதில் பெரும்பகுதியை ஒத்துக்கொண்டு. அதற்கு விலையாக அவளை வேறொரு தூரத்து நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கே போயும் அதையே செய்தாள்.

பிற்பாடு எங்கள் ஊருக்கே திரும்பி வந்தாள். வடக்கேயுள்ள ஊர்களிலிருந்து பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தாள். குளிர்காலம்தோறும் தெற்கே போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக எங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டு, வீட்டுச் செய்தி சொல்லி, அவர்கள் செய்தி வாங்கி வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஹோரஸ் கேட்டால், உன்னைப் பார்த்த பிறகு ஆசை விட்டுப்போச்சு என்பாள். அண்ணன் அவளோடு பேசினான், சிரித்தான், வலைக்குக் கூட்டிப் போனான். ஆனால் அந்த விறகு அடுக்கியிருந்த இடத்தில் பேசியதை இருவரும் சாகும்வரை எடுக்கவில்லை.

அவள் ஓய்வு பெற்றபோது ஊர் விருந்து வைத்தது. பெரியவர்கள் பேசினார்கள், தெற்கேயிருந்து வந்த அதிகாரியும் பேசினார். சின்க்ளேர் பேசவே இல்லை. தான் வேட்டையாடிய மூஸ் மானின் மூக்கை, எங்கள் விருந்தில் மதிப்பானவர்களுக்கு மட்டும் போகும் துண்டு அது, தட்டில் வைத்து எடுத்துவந்து தங்கைக்கு முன்னால் வைத்தான்.

ஜெமைமா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வேகணும்ணா" என்றாள்.

"பல்லு போயிருச்சு உனக்கு. அத மறைக்காத" என்றான் சின்க்ளேர், அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.